மூச்சு முந்தியது, எலும்பு பிந்தியது: 112 கிலோ எடையில் ஓடப் பழகிய அனுபவம்

முதன்முதலாக 20 நிமிடங்கள் நிற்காமல் ஓடி முடித்த காலையில் என் வயது 44, எடை 107 கிலோ. பள்ளிக்கூட நாட்களில்கூட அவ்வளவு நேரம் ஓடியதில்லை. வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றக்கூடக் குனியாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மகிழ்ச்சி தாளாமல் வந்த அழுகை அது. அந்த ஒரு காலைக்காக அடுத்த நான்கு மாதங்களைக் கொடுக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உடல் பருத்த ஒருவர் ஓடப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் பயப்படுவது இதயத்தை நினைத்துத்தான். அந்தப் பயம் நியாயமானது; அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கேடு செய்தவை மூச்சிரைத்துத் தவித்த முதல் வாரங்கள் அல்ல. மூச்சு வசப்பட்டு, உடம்பு லேசாகிவிட்டதுபோல் தோன்றிய ஐந்தாவது வாரம்தான் என்னைக் கவிழ்த்தது. நுரையீரலும் இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும். இந்த இடைவெளி எல்லோருக்கும் உண்டு என்றாலும், எடை கூடக் கூட அதில் தவறி விழுவது எளிது. இதை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

தொடங்கும்போது என் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடல் நிறை எண் 43.75, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 30 முதல் உடல் பருமன், 40 முதல் அதன் மூன்றாவது, மிகக் கடுமையான நிலை. அந்த எண் எனக்கு அவமானமாக இருந்ததால் மருத்துவரிடம் போவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனபோது செவிலியர் அளந்த ரத்த அழுத்தம் 168க்கு 104 என்று வந்தது. மருத்துவர் என் மேல்கையை ஒரு முறை பார்த்தார். சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு, அகலமான இன்னொரு பட்டையைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி அளந்தார். இப்போது 148க்கு 92. கை பருமனாக இருப்பவர்களுக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். 148ம் நல்ல எண் இல்லை என்பதால் மாத்திரை தொடங்கினார். ரத்தச் சர்க்கரை, இதய மின்வரைபடம் ஆகியவற்றையும் பார்த்தார். இரவில் குறட்டை விடுவேனா, தூக்கத்தில் மூச்சு அடைத்து விழிப்பேனா, படியேறும்போது நெஞ்சு இறுகுமா, எப்போதாவது மயக்கம் வந்து விழுந்திருக்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் உள்ளவர்களும், இதயம், சிறுநீரகம், நீரிழிவு தொடர்பான நோய் உள்ளவர்களும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் ஓட்டத்தில் இறங்கக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின் நடுவிலும், ஓடி முடித்துச் சில மணி நேரம் கழித்தும்கூடச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்கள் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும்.

எனக்குத் தந்த மருந்தில் ஒன்று பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. கையில் கட்டிய கடிகாரம் நான் எவ்வளவு மூச்சிரைத்தாலும் நாடித்துடிப்பு 125ஐத் தாண்டவில்லை என்று காட்டியது; எனக்கு விளையாட்டு வீரர்களின் இதயம் வாய்த்துவிட்டது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். துடிப்பு ஏறாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே என்று அடுத்த சந்திப்பில் மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறையே தோராயமானது. இப்படி மருந்து எடுப்பவர்களுக்கு அது சுத்தமாகப் பயன்படாது. அன்றிலிருந்து நான் கடிகாரத்தை நேரம் பார்க்க மட்டுமே வைத்துக்கொண்டேன். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். பக்கத்தில் ஆள் இல்லாத நாட்களில் மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

மருத்துவர் முதலில் நடக்கத்தான் சொன்னார். இரண்டு வாரம் நடந்தேன், நடை சலித்துவிட்டது. ஓடியே பழக்கமில்லாதவரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயார்ப்படுத்த, புதியவர்களுக்கென்று பரவலாகப் புழங்கும் ‘கவுச் டு ஃபைவ் கே’ திட்டத்தை எடுத்துக்கொண்டேன். 1996இல் ஜாஷ் கிளார்க் என்பவர் வகுத்த இந்த ஒன்பது வாரத் திட்டம், முதல் வாரத்தில் 60 வினாடி மெதுவோட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடங்கள் செய்யச் சொல்கிறது. வாரத்துக்கு மூன்று நாள். ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடங்கள் ஓட வேண்டும். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஏராளமானோரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்ட நல்ல திட்டம் அது. ஆனால் 70 கிலோ உடம்புக்கும் 112 கிலோ உடம்புக்கும் அதே ஒன்பது வாரம்தான் என்பதை நான் ஒரு கணம்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

பின்னாளில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல ஏறக்குறைய 1.2 மடங்கு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடுவதால், இறங்கும் கால் தாங்கும் விசை சுமார் இரண்டரை மடங்காகிறது. என் எடைக்கு நடையில் 134 கிலோ, ஓட்டத்தில் 280 கிலோ. ஒரு நிமிட மெதுவோட்டத்தில் ஒவ்வொரு காலும் முக்கால் நூறு முறை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் வாரத்தின் எட்டு நிமிட ஓட்டத்தில் ஒரு கால் 600 முறை அந்தச் சுமையை வாங்குகிறது. ஐந்தாவது வாரத்தின் அந்த 20 நிமிடத்தில் 1,500 முறை, இடையில் ஒரு நிமிட ஓய்வுகூட இல்லாமல். மூச்சுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கணைக்கால் எலும்புக்குத் தெரியும்.

அழுது முடித்த மூன்றாம் நாள், இடது கணைக்காலின் உட்புறத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலித்தது. முதலில் எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவிய மந்தமான வலிதான். ஓடத் தொடங்கும்போது இருக்கும், சூடு ஏறியதும் குறையும். புதிய ஓட்டக்காரர்களுக்குச் சகஜமாக வருவது என்று கேள்விப்பட்டு, வலி நிவாரணி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆறாவது வாரத்தையும் ஓடினேன். என் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். பத்து நாளில் பரவியிருந்த வலி சுருங்கி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே விரலை வைத்தால் உயிர் போயிற்று. இரவில் படுக்கையிலும் விண் விண் என்று தெறித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நிம்மதி அடைந்தேன்; அந்த நிம்மதியும் தவறு. எலும்பின் நுண்முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தது. நீளவாக்கில் பரவும் வலி எச்சரிக்கை என்றால், ஒரு புள்ளியில் குவிந்து ஓய்விலும் விடாத வலி அபாயம். அந்த நிலையில் ஒரு நாள்கூட ஓடக் கூடாது என்று இயன்முறை மருத்துவர் சொன்னபோது, நான் ஓடிய பத்து நாட்களை மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன்.

அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. “இந்த ஐந்து வாரமும் எவ்வளவு சாப்பிட்டீர்கள்?” ஓடுவதோடு எடையும் சீக்கிரம் இறங்கட்டும் என்று சாப்பாட்டைப் பாதியாக்கியிருந்தேன், அதனால்தான் ஐந்து வாரத்தில் ஐந்து கிலோ குறைந்திருந்தது. ஓட்டத்தின் அதிர்வால் எலும்பில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடல் அரித்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. அந்த வேலை முழுதாக முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும், அதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஆற்றலும் வேண்டும். பழைய கல்லைப் பெயர்த்த வேகத்தில் புதிய கல்லை வைக்கவிடாமல் நான் கொத்தனாரைப் பட்டினி போட்டிருந்தேன். வைட்டமின் டியும் குறைவாக இருந்தது. பருத்த உடல்வாகு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான். உணவைக் கடுமையாகக் குறைப்பது, ஓட்டத்தைத் தொடங்குவது என்ற இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள் என்று இப்போது யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

எட்டு வாரம் ஓட்டமே இல்லை. முதல் சில வாரங்கள் நீண்ட நடையும் இல்லை. அந்த நாட்களில் அசையாமல் கிடக்காமல் இருக்க, அசையா மிதிவண்டியையும் நீச்சல் குளத்தையும் அவர் காட்டினார். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். அந்த ஆழத்தில் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை நீர் தாங்கிக்கொள்கிறது. நெஞ்சளவு இறங்கினால் இன்னும் கூடுதலாகத் தாங்கும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, உடம்பு கனக்காமல் நடப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தத் தண்ணீரில்தான் நினைவுகூர்ந்தேன். மூட்டு வலியால் நடையே சிரமமாக இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

இரண்டாம் முறை தொடங்கியபோது வரிசையை மாற்றினோம். மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பதை வைத்து அல்ல, கால் எவ்வளவு தாங்குகிறது என்பதை வைத்தே அடுத்த கட்டத்துக்குப் போவது என்று முடிவு. ஓடுவதற்கு முன் பத்து வாரம் நடை. வாரத்தில் ஐந்து நாள், பத்து நிமிடத்தில் தொடங்கி நாற்பது நிமிடம் வரை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதால், அந்தக் கீழ் எல்லையை நடையாலேயே தொட்ட பிறகுதான் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோம் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். நடுநடுவே வாரம் இரண்டு நாள் கால்களை உரமேற்றும் பயிற்சி. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று முறைதான் முடிந்தது, நான்காவது முறை குதிகால் தரையை விட்டு எழவே மறுத்தது. ஓடும்போது கெண்டைக்கால்தான் மிகப் பெரிய சுமையைத் தாங்குகிறது. மூன்று முறைக்கு மேல் தாங்காத அந்தத் தசையை வைத்துக்கொண்டு நான் 1,500 முறை குதித்திருக்கிறேன். பதினைந்து முறை வரும்வரை ஓட்டம் கிடையாது என்றார். அதற்கே ஒன்பது வாரம் ஆயிற்று. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துவது ஆகிய மூன்றும்தான் மற்றவை. கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஓட்டத்தின் முதல் நாள் வந்தது. பத்து நிமிட நடைக்குப் பிறகு 15 வினாடி மெதுவோட்டம், இரண்டு நிமிட நடை. இப்படி ஆறு முறை. மொத்தம் ஒன்றரை நிமிட ஓட்டம். முன்பு 20 நிமிடம் ஓடியவளுக்கு இது கேலியாக இருந்தது. ஏதோ பேருந்தைப் பிடிக்கச் சில அடி ஓடிவிட்டு, அது போய்விட்டதும் நடப்பவள்போல் இருந்தேன். நடைபாதையில் தினமும் பார்க்கும் பெரியவர் ஒருவர், “ஏம்மா, ஏதாவது மறந்துட்டு வந்துட்டியா, அடிக்கடி ஓடுறியே?” என்று அக்கறையோடு கேட்டார். வாரத்துக்கு மூன்று நாள் என்பதை இரண்டாக்கி, இடையில் குறைந்தது 48 மணி நேரம் விட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் அடுத்த கட்டம்: 20 வினாடி, 30 வினாடி, 45 வினாடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுவது என்பது இதில் முக்கியம். ஓடும் நேரத்தைக் கூட்டிய வாரத்தில் வேகத்தையோ, நாட்களையோ, ஏற்றமான பாதையையோ தொடக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காலுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தோம்.

இவ்வளவு பொறுமை தேவையா என்று எனக்கே அலுப்பு வந்ததுண்டு. டென்மார்க்கில் புதிய ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடல் நிறை எண் 30க்கு மேல் உள்ளவர்கள் முதல் வாரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடலாம் என்றது. என் முதல் முயற்சியின் முதல் வாரத்தில் நடையைக் கழித்துவிட்டு ஓட்டத்தை மட்டும் கூட்டினால் 24 நிமிடம். அப்போதே அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடியிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காடு மட்டும் கூட்டினால் காயமே வராது என்று ஓட்டக்காரர்கள் வேதம்போல் ஓதுவார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு அந்த விதிப்படி பழகியவர்களையும் வழக்கமான திட்டப்படி பழகியவர்களையும் ஒப்பிட்டது. இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. எண்ணைவிட, மறுநாள் காலையில் கால் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

அந்தக் காலைச் சோதனை மிக எளியது. படுக்கையிலிருந்து இறங்கி வெறுங்காலோடு வைக்கும் முதல் பத்து அடிகளைக் கவனிப்பேன். குதிகாலில் முள் குத்துவதுபோல் இருந்தால் பாதத்தின் அடித்தசைநார், குதிகாலுக்குப் பின்னே விறைப்பாக இருந்தால் அங்குள்ள தடித்த நாண், படியில் இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னே வலித்தால் மூட்டின் முன்புறம் என்று ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லிவிடும். பிறகு கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவேன். இரண்டு வரை என்றால் திட்டப்படி போகலாம். மூன்று முதல் ஐந்து என்றால் அதே கட்டத்தில் நிற்பேன் அல்லது ஒன்று இறங்குவேன். அதற்கு மேல் என்றாலும், வலி என் நடையை மாற்றி நொண்டவைத்தாலும், ஒரே புள்ளியில் குவிந்தாலும் ஓட்டம் இல்லை. வலி நிவாரணி போட்டுவிட்டு ஓடுவது இந்தச் சோதனைத்தாளைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அந்த இடத்திலேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

ஓடும் விதத்தில் அவர் திருத்தியது ஒன்றே ஒன்று: எட்டி வைக்காமல் குட்டி அடியாக வைப்பது. கால் உடம்புக்கு முன்னே தொலைவில் போய் இறங்கினால் ஒவ்வொரு அடியும் ஒரு முட்டுக்கட்டை. உடம்புக்கு அடியிலேயே இறங்கினால் மூட்டுக்கு வரும் சுமை குறைகிறது. அரை நிமிடத்துக்கு என் அடிகளை எண்ணினோம், 74 வந்தது. வேகத்தைக் கூட்டாமல் 79 ஆக்கச் சொன்னார். எண்ணுவதைவிடக் கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. ‘தப் தப்’ என்று அதிரும் சத்தம் ‘தொப் தொப்’ என்று தணியும்வரை அடியைச் சுருக்கினேன். வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். என்னைத் தாண்டி நடந்தே போனவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்குத் தாண்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். டிரெட்மில்லைப் பயன்படுத்துபவர்கள் அதன் மீது குறித்திருக்கும் எடை வரம்பை முதலில் படிப்பது நல்லது. பல கருவிகளின் வரம்பு நம் எடையைவிடக் குறைவு.

காலணியை மாலையில் வாங்க வேண்டும். பகல் முழுதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், பக்கவாட்டில் நெருக்கக் கூடாது. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்று சொல்லப்படும் அடிப்பஞ்சு நம் எடைக்கு முன்னதாகவே அமுங்கிவிடும். கயிற்றைக் கட்டுவதே எனக்குத் தனிப் பயிற்சியாக இருந்தது: குனிந்தால் வயிறு அமுங்கி மூச்சு முட்டும். மூன்றாவது படியில் காலை வைத்து, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் கட்டக் கற்றுக்கொண்டேன்.

வெட்கப்பட்டு யாரும் சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் என்னை வீட்டுக்கு அனுப்பியது மூச்சல்ல, உள்தொடை. பருத்தித் துணி வியர்வையைக் குடித்து ஈரமாகி, தொடையோடு தொடை உரசி, குளிக்கும்போது தீயாக எரிந்தது. முழங்கால்வரை இறுகப் பிடிக்கும் செயற்கை இழைக் காலுடையும், தொடை, அக்குள், மார்பின் கீழ் மடிப்பு ஆகிய இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லியும் இல்லாமல் இப்போது நான் வாசலைத் தாண்டுவதில்லை. மார்பைத் தாங்கும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு அங்கேயே நாலு முறை குதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வயிறு கனத்தவர்களுக்கும் ஓடும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது உண்டு, எனக்கும் இருந்தது. அதற்காக ஓட்டத்தை விட்டவர்களை அறிவேன். இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும். கேட்டால்தான் சொல்லித் தருவார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு சூட்டை வெளியேறவிடாமல் தடுப்பதால் வெயிலும் புழுக்கமும் நம்மை மற்றவர்களைவிட முன்னதாகச் சாய்த்துவிடும். விடியலிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஓடுவதும், தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடிப்பதும் போதுமானவை.

எடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஏமாற்றியதாகிவிடும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகிறது. 108 கிலோவோடு வாரம் நான்கு கிலோமீட்டர் ஓடியதில் எனக்குச் செலவானது 430க்கு அருகில். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்ட ஒரே வேளையில் அது திரும்பி வந்துவிடும். இரண்டாம் முயற்சி தொடங்கிப் பதினான்கு மாதங்களில் 110இலிருந்து 98க்கு இறங்கியதில் பெரும்பங்கு தட்டில் செய்த மெதுவான மாற்றத்துக்கே உரியது. ஆனால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் காலுக்கு நல்லதுதான். முழங்கால் தேய்மானம் உள்ள, பருமனான முதியவர்களிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது மூட்டின் மேல் ஒவ்வோர் அடிக்கும் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று கண்டது. ரத்த அழுத்தம் எடைக்கு முன்பே இறங்கத் தொடங்கியது. பீட்டா பிளாக்கரை மருத்துவரே மெல்லக் குறைத்து நிறுத்தினார். தானாக நிறுத்தக் கூடாத மருந்து அது.

இப்போது நான் மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதை நாற்பது நிமிடம் வரை செய்கிறேன். வாரம் மூன்று நாள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே இந்த ஓட்டமும் நடையும் கலந்த முறையை முழு மாரத்தான் வரைக்கும் பலருக்குப் பழக்கியவர். எனவே நடைக்கு இறங்குவதைத் தோல்வி என்று நான் இப்போது எண்ணுவதில்லை. நிற்காமல் 20 நிமிடம் ஓடுவதை இன்னும் மறுபடி முயலவில்லை. மூச்சு தாராளமாக இடம் தருகிறது. ஓடலாம் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசை காட்டுகிறது.

நாளை ஓட்ட நாள். இன்று காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது இடது குதிகால் லேசாகப் பிடித்தது. நான்காவது அடியில் விட்டுவிட்டது. கணைக்காலைத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். நாளைக் காலையிலும் அதே இரண்டுதான் என்றால் போவேன். மூன்றாகிவிட்டால், மிதிவண்டி இருக்கிறது.